நாற்பத்தொன்றாம் நம்பர் பேட்டரி

"பேட்டரி சில்லுனு இருக்கு சார். நானே தொட்டுப் பார்த்தேன். அதைப் போய் சூடுன்னு ரெஜிஸ்டர்ல எழுதி வெச்சிருக்காரு!"

சூப்பர்வைசர் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். மேனேஜர் ரெஜிஸ்டரைப் புரட்டினார். சார்ஜிங் ரூம்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். என்ன கேட்டாலும் "ஆறட்டும்" என்பார். அதுவே அவருக்குப் பேராகிவிட்டது.

மின்விசிறி பூட்டும் கம்பெனி அது. பெண்கள் நாள் முழுக்க நின்றபடி பேட்டரி மெஷினால் ஸ்க்ரூ முடுக்க வேண்டும். பேட்டரியில் சார்ஜ் இறங்கினால் அவரிடம் கொடுத்துவிட்டு, ஏறினதை வாங்கிக்கொண்டு ஓட வேண்டும். ஒவ்வொருத்திக்கும் ஒரு நம்பர்; அவள் பேட்டரிக்கும் அதே நம்பர்.

"நிக்கல் பேட்டரி சார்," என்றார் ஆறட்டும். "சார்ஜ் முடியறப்ப கொதிக்கும். கால் மணி நேரம் ஆறவிட்டுத்தான் மெஷின்ல மாட்டணும். இறங்கினதையும் சூட்டோட சார்ஜ்ல போட்டா, நிறைஞ்சது சார்ஜருக்கே தெரியாது. மேல மேல ஏத்தி வறுத்துடும்."

"பாடம் எடுக்காதீங்கண்ணே!" சூப்பர்வைசர் சீறினாள். "மத்தவங்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு தடவை சூடு. நாற்பத்தொண்ணுக்கு மட்டும் நாலு தடவையா? ஒவ்வொரு தடவையும் அவ உங்க ரூம் பெஞ்சுல ஜம்முனு உட்கார்ந்திருக்கா. நேத்து தண்ணி வேற ஊத்திக் குடுத்தீங்க. எனக்குப் புரியாதா?"

அவர் தலை குனிந்தார். வசமாக மாட்டிக்கொண்டார் மனுஷர் என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரே குளிர்ச்சி.

"அந்தப் பொண்ணுக்கும் உங்களுக்கும் என்ன?" மேனேஜர் கேட்டார்.

"ஒண்ணுமில்ல சார். என்னை என்ன வேணா செய்யுங்க. பொண்ணை விட்டுடுங்க."

அது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினது போலாயிற்று. நாற்பத்தொன்றைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

வந்தவள் எல்லார் முகத்தையும் பார்த்தாள். விஷயம் புரிந்துவிட்டது.

"அண்ணனைத் திட்டாதீங்க சார். எனக்கு அஞ்சு மாசம். சொன்னா நிறுத்திடுவீங்கன்னு மறைச்சேன். ஒருநாள் பேட்டரி வாங்க வந்தப்ப அண்ணன் ரூம் ஜன்னல்கிட்ட தலைசுத்திச்சு. அண்ணன் ஒரு வார்த்தை கேக்கல. 'பேட்டரி சூடா இருக்கு, ஆறட்டும், உட்காரும்மா'ன்னாரு. அன்னையிலேர்ந்து என் பேட்டரி எப்பவும் சூடுதான்."

மேனேஜர் ரெஜிஸ்டரை மூடினார்.

"முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா? இந்த நேரத்துல நீ உடம்பைப் பார்த்துக்கணும். நாளையிலேர்ந்து வர வேண்டாம்," என்றார் அன்பு ஒழுக. ஆறட்டும் பக்கம் திரும்பினார். "பொய் எழுதின ஆளை நான் வெச்சுக்க முடியாது. நீங்களும் கிளம்புங்க."

இருவரும் வெளியே போனார்கள். சூப்பர்வைசர் கதவைச் சாத்தினாள். கம்பெனி விதி என்றால் விதிதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

எத்தனை நாளாக இந்தக் கூத்து நடக்கிறது என்று பார்க்க, மேனேஜர் அலமாரியிலிருந்து பழைய ரெஜிஸ்டர்களை இறக்கினார். தூசியை ஊதினார்.

"பலே ஆளும்மா! ஏழு வருஷத்துக்கு முன்னாடியே இதே வேலை. பதினேழாம் நம்பருக்குத் தினமும் நாலு தடவை சூடு. நாலு மாசம் விடாம எழுதியிருக்காரு!"

சூப்பர்வைசர் ரெஜிஸ்டரை எட்டிப் பார்த்தாள்.

லைனில் நின்று ஸ்க்ரூ முடுக்கிய காலத்தில் அவளுடைய நம்பர் அது. மகள் வயிற்றில் இருந்தாள். வேலை போய்விடுமே என்று அவளும் யாரிடமும் மூச்சுவிடவில்லை. தன் தலையெழுத்து, தனக்கென்று ஓட்டை பேட்டரி வாய்த்திருக்கிறது என்று அவரைக் கரித்துக்கொட்டியபடியேதான் தினமும் அவர் ரூமில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

ஜன்னல் வழியே பார்த்தாள். ஆறட்டும் இன்னும் கேட்டைத் தாண்டவில்லை. கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான்.

"யாரும்மா அந்தப் பதினேழு? உனக்குத் தெரிஞ்சவளா?"

"தெரியல சார்," என்றாள். "அப்பவே நின்னு போயிருப்பா."