நான்காவது நிபந்தனை

பூட்டில் சாவி திரும்பும் சத்தம் கேட்டதுமே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மத்தியானம் பத்திரிகை அலுவலகத்துக்குக் கிளம்பினால், நாளைய தாளை அச்சுக்கு அனுப்பிவிட்டுத்தான் திரும்புவார் அவள் கணவர். இன்றைக்குப் பொழுது சாயுமுன்பே வந்து நிற்கிறார். எதை மறந்தாராம்? கண்ணாடியையா, அடையாள அட்டையையா?

அவர் எதையும் தேடவில்லை. பெரிய பையொன்றை நடைவழியில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"உன் கதையைப் போட்டிக்கு அனுப்பிடு. அஞ்சு மணி வரைக்கும் டைம் இருக்கு."

வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சுவதற்கென்றே வேலையை விட்டு வந்திருக்கிறார் போலும்.

அவருடைய பத்திரிகை வருஷாவருஷம் நடத்தும் சிறுகதைப் போட்டி அது. பரிசு வாங்கியவர் பெயர் நாடு முழுக்கத் தெரிந்துவிடும். ஆனால் நான்காவது நிபந்தனை: ‘எமது பணியாளர்களும் அவர்களது குடும்பத்தினரும் பங்கேற்க இயலாது.’

அந்த அறிவிப்புக்குப் பிழை திருத்துவதே இவர்தான். ஒரு வருஷமாவது அந்த வரி தவறி விட்டுப்போகக் கூடாதா? போகாது. மனுஷன் அவ்வளவு சுத்தம்.

யார் யாரோ எழுதி மேடையேற, இவரைக் கட்டிக்கொண்ட பாவத்துக்கு அவள் மட்டும் எழுதி எழுதிப் பரணில் போட வேண்டும். போன வருஷம் பொறுக்க மாட்டாமல் சொல்லியும்விட்டாள்: "நீங்க அங்க வேலை பாக்காம இருந்திருந்தா நான் எப்பவோ ஜெயிச்சிருப்பேன்."

அவர் கையிலிருந்த தாளைப் புரட்டினார். எதற்குத்தான் பதில் சொல்லியிருக்கிறார்? ஆளைக் குறைக்கப் போகிறார்கள் என்று போன மாதம் புலம்பியதோடு சரி. அதுவும் வருஷாவருஷம் கேட்கிற புலம்பல்தான்.

"நாலாவது நிபந்தனையை நான் வேற உங்களுக்குப் படிச்சுக் காட்டணுமா?" என்றாள்.

"இந்த வருஷமும் இருக்கு. நான்தானே திருத்தினேன்." சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே சொன்னார். "பரவாயில்ல, நீ அனுப்பு."

பரவாயில்லையாம்! அவர் எழுந்துபோய்க் கணினியைத் திறந்தார். இந்த ஆளோடு பேசுவதற்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம். அவள் எரிச்சலோடு நடைவழிக்குப் போய், காலில் இடறிய பையை இழுத்தாள்.

பையின் வாய் திறந்துகொண்டது.

மேலாக ஒரு திண்டு. முதுகு வலிக்கிறது என்றாரே என்று, ஆபீஸ் நாற்காலிக்காக அவளே தைத்துக் கொடுத்தது. அதன் கீழே அவருடைய தேநீர்க் கோப்பை, மேஜைக்கடியில் மாட்டிக்கொள்ளும் ரப்பர் செருப்பு, ஓரம் நைந்த அகராதி.

அவள் திண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

"முதல் பக்கத்துல ஒரே ஒரு பிழை இருந்துச்சு. திருத்திட்டேன். நீ வந்து அனுப்பினா போதும்," என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

இத்தனை வருஷமாக வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்த நிபந்தனை, இந்த ஒரு தடவையும் தன்னைத் தடுத்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.