எட்டாவது ஏக்கர்

“மையத்துக்கு என்னத்துக்குத் தேத்தண்ணி?” என்று கேட்டுக்கொண்டே, வாப்பாவுக்கு வந்த கோப்பையைத் தட்டிலிருந்து எடுத்து உறிஞ்சினான் றஸ்மி. ஆண்மக்கள் மூன்று பேரில் அவன் கடைசி.

வாப்பா ஸைனுலாப்தீன் மௌத்தாகவில்லை. கல்முனையில், மகள் ஹிமாயாவின் வீட்டு ஹோலில், சோபாவில் நீட்டி நிமிர்ந்து கிடந்தார். கண் இரண்டும் நன்றாகத் திறந்திருந்தன. வாய்தான் மூடியிருந்தது. அது அவரே போட்ட சட்டம்.

அஸர் தொழுதுவிட்டு வந்து பிள்ளைகள் நாலு பேரையும் கூப்பிட்டு இருத்தினார். நான் இப்போது மையத்து, செத்த ஆள், என் சொத்தை நீங்கள் எப்படிப் பிரிப்பீர்களோ அப்படியே என் முன்னால் பிரித்துக் காட்டுங்கள், செத்த ஆள் ஒரு வார்த்தை கதைக்க மாட்டான் என்றார். மூத்தவன் அஷ்ரப், இது என்ன கூத்து வாப்பா என்று கேட்டு முடிக்கும் முன்னமே படுத்துவிட்டார்.

அவருக்கு உள்ளே வேறொரு கணக்கு ஓடியது. மனைவி போய் நாலு வருசம். இப்போது மருதமுனையில் றுகையா என்று ஒரு விதவையை நிக்காஹ் செய்ய மனம் வந்திருந்தது. அவ வீட்டில் வைத்துச் சாறன், கைலி விற்கிறவ. மனம் வந்த நாளிலிருந்து ஸைனுலாப்தீனின் அலுமாரியில் துணி வைக்க இடமில்லை.

ஆனால் பிள்ளைகளிடம் வாய் திறக்கப் பயம். புதுப் பெஞ்சாதி என்றால் சொத்துக்கும் ஒரு புதுப் பங்காளி. எந்தப் பிள்ளை ஓம் என்னும்? ஆகவே, இந்த நாலு பேரில் கொஞ்சமாவது கை இளகின ஆள் யார் என்று பார்த்து, அவரிடம் முதலில் கதையை விடலாம் என்று எண்ணியிருந்தார்.

வீட்டைப் பற்றிச் சண்டை இல்லை. ஊர் வழமைப்படி, ஹிமாயாவின் கலியாணத்தோடேயே உறுதிப் பத்திரம் அவள் பேரில் ஏறிவிட்டது. தான் கட்டின வீட்டில் ஸைனுலாப்தீன் மகளுக்கு விருந்தாளி. மற்றதெல்லாம் பிரிபடக் கிடந்தது.

பிரித்தார்கள் பாருங்கள், கரைவலை இழுத்த இடத்தில் காகம் இறங்கின மாதிரி.

நடு மகன் ஹிஷாம், வாப்பாவின் தலைக்கு மேலே சுற்றின ஃபேன் தனக்கு என்றான். சொன்னதோடு விட்டானா? ஒழுங்காக வேலை செய்கிறதா என்று நிப்பாட்டி நிப்பாட்டிப் போட்டுப் பார்த்தான். மையத்துக்கு வேர்த்துக் கொட்டியது.

றஸ்மி மோட்டர்சைக்கிளைக் கேட்டான். அதற்கு டயர் வாங்கிப் போட்டது நான் என்றான் அஷ்ரப். அப்போ டயரைக் கழற்றிக்கொண்டு போங்க காக்கா என்று அண்ணனுக்கே சொன்னான் றஸ்மி. வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற மோட்டரை ஒருத்தன் எடுத்தான். அதன் குழாயை விடமாட்டேன் என்று இன்னொருத்தன் நின்றான்.

ஹிமாயா சோபாவைக் கேட்டாள்.

“அதிலதானே தங்கச்சி மையத்துக் கிடக்கு,” என்றான் ஹிஷாம்.

“எடுத்த பொறகு தாங்க காக்கா. எனக்கு அவசரமில்ல.”

பல் செட்டை மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை. அதுவும் ஸைனுலாப்தீனுக்கு ஒரு மனக்குறைதான்.

அவருக்கு நெஞ்சு விட்டுப்போயிற்று. ஒரு குழாய்த்துண்டை விட்டுக் கொடுக்காததுகள், எங்கேயோ கிடக்கிற ஒரு பொம்புளைக்குப் பங்கு விடுங்களா? நிக்காஹுக்கு முன்னமே றுகையாவை மனதால் தலாக் சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தார்.

கடைசியில் வயலுக்கு வந்தார்கள். வாய்க்காலோடு ஒட்டின எட்டு ஏக்கர், இரண்டு போகமும் பொய்க்காத பூமி. மோட்டருக்கே இந்தப் பாடென்றால் பூமிக்கு மண்டை உடையும் என்று ஸைனுலாப்தீன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

சத்தத்தையே காணவில்லை.

“ஆம்புளப் புள்ளைக்கு ரெண்டு பங்கு, பொம்புளப் புள்ளைக்கு ஒரு பங்கு,” என்றான் அஷ்ரப். “நாங்க மூணு பேரும் ரெண்டு ரெண்டு ஏக்கர், தங்கச்சிக்கு ஒரு ஏக்கர். சரிதானே?”

எல்லாரும் ஓம் என்றார்கள். வேலை முடிந்தது போல றஸ்மி எழும்பி வாசலில் செருப்பைத் தேடினான்.

மையத்து விரலை மடித்தது. ஆறும் ஒன்றும் ஏழு. சந்தேகத்துக்கு மறுகையிலும் மடித்துப் பார்த்தது. அங்கேயும் ஏழுதான்.

ஸைனுலாப்தீன் கணக்கைப் பிடித்துவிட்டார். ஆள் மூச்சு விட்டுக்கொண்டு கிடக்கும்போதே ஒரு முழு ஏக்கர் களவு போய்விட்டது. கணக்குச் சொன்னவன் மூத்தவன். மற்றவர்கள் ஓம் என்று தலையாட்டினதைப் பார்த்தால் எல்லாரும் கூட்டுக் களவுதான். றுகையாவை மறந்தார், போட்ட சட்டத்தை மறந்தார், துள்ளி எழும்பிக் குந்தினார்.

“எட்டாவது ஏக்கர எவன்டா அமத்தினது?”

மூன்று ஆண்மக்களும் நிலத்தைப் பார்த்தார்கள். வாப்பாவிடம் இந்தக் கதையை எடுக்க அவர்களுக்கு வெட்கம். ஹிமாயாதான் முன்னுக்கு வந்தாள்.

“ஒருத்தரும் அமத்தல்ல வாப்பா. மார்க்கப்படி எட்டில ஒண்டு பெஞ்சாதிட பங்குதானே. அத எடுத்து வெச்சிட்டுத்தான் பிரிச்சம்.”

“உங்கட உம்மா மௌத்தாகி நாலு வருசம் புள்ள.”

“உம்மாக்கில்ல, றுகையா மாமிக்கு. உங்கட அலுமாரியில சாறன் நிறையக்குள்ளேயே எங்களுக்கு விளங்கிட்டு. வெள்ளிக்கிழம நாங்க நாலு பேரும் மருதமுனைக்குப் போய்ப் பொண்ணு கேட்டம், அவ ஓமெண்டுட்டா. இண்டைக்கு உங்கட சம்மதத்தக் கேப்பமெண்டு வந்தா, நீங்க மௌத்தாகிட்டீங்க.”