மூலையில் ஒரு பட்டன்

"யாரு பண்ணின வேலை இது?"

தலைமை அலுவலகத்திலிருந்து சோதனைக்கு வந்திருந்த அதிகாரியம்மா, கவுண்டர் கம்ப்யூட்டரை விரலால் தட்டினார்.

பார்சல் ஆபீஸே திரும்பிப் பார்த்தது.

"நான்தான் மேடம்." கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர் எழுந்து நின்றார். 'சிஸ்டம்' என்றால்தான் அங்கே அவரைத் தெரியும்.

"ஸ்டார்ட் பட்டன் இப்ப எங்க இருக்கணும்?"

"கீழே, நடுவுல."

"இங்க எங்க இருக்கு?"

"இடது மூலையில மேடம்."

"எல்லாக் கிளையிலயும் ஒரே மாதிரி இருக்கணும்னு உத்தரவு. இங்க மட்டும் அத்தனை மெஷின்லயும் பழைய இடம். ஏன்?"

சிஸ்டம் திரையின் மூலையைத் தொட்டுக் காட்டினார். "பழக்கதோஷம் மேடம். நான் வேலைக்கு வந்தப்போ சாம்பல் கலர் பெட்டியில 'ஸ்டார்ட்'னு எழுதியிருக்கும். அப்புறம் பச்சையாச்சு. எழுத்து போயி உருண்டையாச்சு. ஒரு தடவை பட்டனே காணாமப் போயி, ஜனங்க போட்ட கூச்சல்ல திரும்பி வந்துச்சு. அப்பல்லாம் மூலையை விட்டு நகரவே இல்ல. இப்ப நடுவுல பார்க்க மனசு கேக்கல..."

"கதையா கேட்டேன்?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"மேனேஜர், நீங்க இதையெல்லாம் கண்டிக்கறதில்லையா?"

மேனேஜர் நாற்காலியை விட்டு எழவில்லை. "சொல்லிப் பார்த்தேன் மேடம். கேக்க மாட்டேங்கறார்."

"அப்ப நாளையிலேர்ந்து இவர் வர வேண்டாம்."

சிஸ்டத்தின் முகம் வெளுத்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தவர், மேனேஜரை ஒருமுறை பார்த்தார். பிறகு பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

"நில்லுய்யா!"

மேனேஜர்தான். விடுவிடுவென்று வந்தார்.

"மேடம், உங்க லேப்டாப்பைக் கொஞ்சம் இப்படித் திருப்புங்க."

அதில் பட்டன் நடுவில் இருந்தது. மேனேஜர் மவுஸைப் பிடித்தார். அம்புக்குறி பட்டனுக்கு இந்தப் பக்கம் ஓடியது, அந்தப் பக்கம் ஓடியது, மேலே ஏறியது. பட்டன்மேல் மட்டும் நிற்கவே இல்லை.

அப்போதுதான் எல்லோரும் அவர் கையைக் கவனித்தார்கள். வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது.

"மூலைன்னா, கண்டபடி தள்ளினாலும் போய் முட்டிக்கிட்டு நின்னுடும் மேடம். தெரிஞ்சா வேலை போயிடுமேன்னு வெளிய சொல்லல. இவர் மட்டும் எப்படியோ கண்டுபிடிச்சுட்டார்."

அதிகாரியம்மாவின் குரல் இறங்கியது. "அதுக்கு உங்க மெஷின்ல மட்டும் மாத்தியிருக்கலாமே?"

"என்னுதுல மட்டும் மாத்தினா ஏன்னு நாலு பேர் கேப்பாங்களேன்னுதான், எல்லாத்துலயும் மாத்தி வச்சுட்டு கிறுக்கன்னு பேர் வாங்கிக்கிட்டார் மேடம்."