எட்டேகால் அடி அறை

மாமியார் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அதற்குள் கண்ணில் பட்டுவிட்டது அந்தத் தையல் மெஷின்.

மகள் கல்யாணத்துக்கு ஆசை ஆசையாக வாங்கிக் கொடுத்தது. இப்போது நடையில், ஒரு கம்ப்யூட்டர் மேஜைக்கும் புத்தக அலமாரிக்கும் பின்னால், கேட்பாரற்றுக் கிடந்தது.

மாமியார் மேஜையை இடுப்பால் ஒரு தள்ளு தள்ளினார். அலமாரியிலிருந்து சரிந்த நாலு புத்தகங்களைத் தாண்டிப் போய் மெஷினைத் தடவிக் கொடுத்தார்.

"இதை யாரு வெளியே போட்டது?"

பின்னறையிலிருந்து மாப்பிள்ளை குனிந்து வெளியே வந்தார். ஆறடிக்கு மேல் வளர்ந்தவர். அந்த வாசலில் தலையை இடித்து இடித்துக் குனியப் பழகியவர்.

"வாங்க அத்தே, வாங்க. அவ கடைக்குப் போயிருக்கா, இப்போ வந்துடுவா. இந்த ரூமை கோல்ஃப் பழகுறதுக்கு ஒதுக்கிட்டோம். அதான் சாமானெல்லாம்..."

"கோல்ஃபா?"

மாப்பிள்ளையை நேருக்கு நேர் திட்டும் பழக்கம் மாமியாருக்குக் கிடையாது. மரியாதை தெரிந்தவர். பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்களிடம் சொல்லிவிடுவார். இன்று அகப்பட்டவர், பின்னறையில் ஏணி மேல் நின்று சீலிங் ஃபேனைக் கழற்றிக்கொண்டிருந்த எலக்ட்ரீஷியன். நரைத்த மீசைக்காரர். ஆனாலும் மாமியாருக்குத் தம்பிதான்.

"கேட்டீங்களா தம்பி? கல்யாணமாகிப் பத்து வருஷம் கழிச்சு விளையாட்டு கேக்குதாம்!"

"நான் ஃபேன் கழட்ட வந்தவன்மா."

"கழட்டுங்க, நல்லா கழட்டுங்க. நாளைக்கு என் பொண்ணு உள்ளே வந்து உட்கார்ந்தா காத்துகூட வரக்கூடாது, அதானே?"

"ஃபேன் இருந்தா மட்டை அதுல மாட்டிக்கும் அத்தே. அதோட, இதுல விஷயம் என்னன்னா..." என்று மாப்பிள்ளை ஆரம்பித்தார்.

"நான் உங்களை ஒண்ணும் சொல்லலையே மாப்பிள்ளை. தம்பிகிட்ட பேசிட்டிருக்கேன்."

எலக்ட்ரீஷியன் பேச்சை மாற்ற நினைத்து டேப்பை இழுத்து அளந்தார். அது இன்னும் வம்பாகப் போயிற்று.

"சார், ஃபேனை எடுத்தாலும் எட்டேகால் அடிதான் வருது. நீங்க கையைத் தூக்கினாலே மேலே இடிக்குமே? மட்டையை எப்படிச் சுத்துவீங்க?"

"அதுக்குத்தான்..."

"சுத்தட்டும் தம்பி, சுத்தட்டும்! சீலிங் பேர்ந்து தலையில விழட்டும், அப்பதான் புத்தி வரும். நான் உங்களைச் சொல்லலை மாப்பிள்ளை."

மாப்பிள்ளையின் உதட்டோரம் ஒரு சிரிப்பு மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது.

மாமியார் ஸ்டூல் ஒன்றைப் பின்னறைக்குள் இழுத்துவந்து, தரையில் விரித்திருந்த பச்சை நிற மேட் ஒன்றின் நட்டநடுவில் போட்டு உட்கார்ந்தார்.

"நாள் முழுக்க ஆபீஸ்ல உழைச்சுட்டு வர்றவ தம்பி. அக்கடான்னு உட்கார ஒரு இடம் வேண்டாம்? பாவம், இவ்வளவு பெரிய வீட்டுல என் பொண்ணுக்குன்னு ஒரு மூலை உண்டா?"

குரல் தழுதழுத்தது. அதில் நடிப்பு ஒன்றும் இல்லை, நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. எலக்ட்ரீஷியனுக்கே மாப்பிள்ளை மேல் கோபம் வந்து, ஸ்க்ரூவைக் கொஞ்சம் வேகமாகத் திருகினார்.

"மெஷின் திரும்ப இந்த ரூமுக்கு வரணும். இல்லேன்னா அவ வந்ததும் கையோட கூட்டிட்டுப் போயிடுவேன். நீங்கதான் சாட்சி."

வாசலில் சத்தம் கேட்டது. மகள் வந்துவிட்டாள். ஐந்தடிக்கு ஒரு அங்குலம் குறைவு. கையில் ஒரு பை நிறைய வெள்ளைப் பந்துகள்.

"ஐயோ அம்மா! மேட் மேல ஸ்டூலைப் போட்டா பள்ளம் விழுந்துடும். எழுந்திரு, எழுந்திரு!"

"நீ பயப்படாதே கண்ணு. நான் வந்துட்டேன்ல? உன் மெஷினை..."

"எடுத்துட்டுப் போயிடும்மா, உனக்குப் புண்ணியமாப் போகும். பத்து வருஷத்துல அதுல ஒரே ஒரு தலையணை உறை தைச்சேன். அதுக்குள்ள தலையணை போகலை."

சொல்லிக்கொண்டே மூலையிலிருந்த மட்டையை எடுத்தாள். அம்மாவை ஸ்டூலோடு ஓரமாக நகர்த்தினாள். எலக்ட்ரீஷியனும் கழற்றிய ஃபேனோடு இறங்கி, ஏணியைச் சுவரோரம் தள்ளிக்கொண்டார். காலை அகட்டி நின்று, மட்டையைத் தலைக்கு மேல் உயர்த்தி ஒரே சுழற்று. எதிரே தொங்கிய வலையில் பந்து 'பொத்'தென்று போய் விழுந்தது. சீலிங்கில் ஒரு கீறல் இல்லை.

"நாலு விரல் இடம் மிச்சம்!" என்று குதித்தாள். "அடுத்த மாசம் ஆபீஸ் டீமுக்கு ஆள் எடுக்குறாங்கம்மா. வெளியே பழகி, பக்கத்து வீட்டு ஜன்னல் கண்ணாடி ரெண்டு போச்சு. இவர்தான் என்னை மட்டையோட நிக்கவெச்சு அளந்து பார்த்தார். 'உன் உயரத்துக்கு இந்த ரூம் போதும்'னு சொல்லிட்டு, தன் மேஜை, புத்தகம் எல்லாத்தையும் தூக்கி வெளியே வெச்சுட்டார்."

"அப்போ விளையாடப்போறது மேடமா?" ஏணியைப் பிடித்தபடி கேட்டார் எலக்ட்ரீஷியன்.

மாமியார் மட்டையைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். எழுந்து அறை வாசல்வரை போய், நடையில் கோணலாக நின்ற கம்ப்யூட்டர் மேஜையையும், தரையில் கிடந்த நாலு புத்தகங்களையும் முதன்முறையாகப் பார்த்தார்.

பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏணிப் பக்கம் திரும்பினார்.

"கேட்டீங்களா தம்பி? நாள் முழுக்க உழைச்சுட்டு வர்ற மனுஷன். பாவம், இவ்வளவு பெரிய வீட்டுல என் மாப்பிள்ளைக்குன்னு ஒரு மூலை உண்டா?"