மேனேஜரை வரச் சொல்லு

லிங்கராஜ் தண்ணீர் பாட்டிலைத் திறந்து, பாதியை மெத்தையின் நடுவில் ஊற்றினார். கையால் நன்றாகப் பரப்பியும் விட்டார். பிறகு ரிசப்ஷனுக்குப் போன் போட்டார்.

"ஏசி ஒழுகி மெத்தையெல்லாம் நனைஞ்சு கெடக்கு. என்ன ஓட்டல் நடத்துதீங்க? மேனேஜரை வரச் சொல்லு!"

மனைவி செல்வராணி தலையில் அடித்துக்கொண்டாள். "ஏங்க, ஏசி அந்தப் பக்கம் நெசமாவே ஒழுகுது. நீங்க எதுக்கு வீணாத் தண்ணியக் கொட்டுதீய?"

திரும்பிப் பார்த்தார். சுவரோரம் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டுதான் இருந்தது.

காலையிலிருந்து இதே கதை. 'சென்னையின் நடுநாயகமான ஓட்டல்' என்று விளம்பரம் சொன்னது. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் ஏசிப் பெட்டிகள் பன்னிரண்டும் முகத்தில் அனல் ஊதின. வெந்நீர் வரவில்லை என்று பொய் சொல்ல நினைத்துக் குழாயைத் திறந்தார், நிஜமாகவே வரவில்லை. தூத்துக்குடியிலிருந்து ரயிலில் யோசித்து யோசித்துக் கொண்டுவந்த பொய்களெல்லாம் இங்கே உண்மையாகவே தயாராக இருந்தன.

பொய்க்குக் காரணம் மகள் சண்முகப்ரியா. தரகர் அவளுக்குச் சொன்ன மாப்பிள்ளை வேல்ராஜ்தான் இந்த ஓட்டலின் மேனேஜர். போட்டோவைப் பார்த்த நாள்முதல் அவள் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டு திரிகிறாள். அப்பாவுக்கு மட்டும் ஒரு சந்தேகம்: பையனுக்குப் பொறுமை உண்டா?

அதைச் சோதிக்கத்தான் இந்த வேஷம். ஊர் தெரியக்கூடாது என்று, செல்வராணியின் ஆதார் அட்டையைத்தான் கவுண்டரில் நீட்டினார். அதில் இன்னும் அவள் பிறந்த வீட்டு விலாசம், வேறு மாவட்டம்.

"நான் திட்டுற திட்டுல அவன் மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பாக்கணும், ஏளா. கோவக்காரப் பயலுக்குப் பிள்ளையக் கொடுத்துட்டுக் காலம்பூரா அழ முடியுமா?"

"என்னையக் கொடுக்கும்போது எங்க அய்யாவுக்கு இந்த ரோசனை தோணலையே" என்றாள் செல்வராணி.

கதவு தட்டும் சத்தம். வந்தது மேனேஜர் இல்லை. புது விரிப்பும் துடைக்கிற துணியுமாக ஓர் அம்மாள். லிங்கராஜ் கத்தி முடிக்கும்வரை நின்று கேட்டாள். "சொன்னதுக்கு நன்றி சார்" என்று சிரித்துவிட்டு, ஆள் விட்டு மெத்தையையே மாற்றினாள்.

வெந்நீருக்காக வந்த பிளம்பரும் அதையேதான் சொன்னார். காபியில் எறும்பு என்று குதித்தபோது வந்த சர்வரும் "சொன்னதுக்கு நன்றி சார்" என்றார். ஏழு புகார் ஆகியும் மேனேஜரின் தலை மட்டும் தெரியவில்லை.

மத்தியானம் ஊரிலிருந்து போன். லிங்கராஜின் பாத்திரக்கடையை அன்றைக்குப் பார்த்துக்கொண்டிருந்த மைத்துனன் செல்லப்பாண்டி பேசினான்.

"அத்தான், இங்கன ஒருத்தன் காலைலேருந்து உயிரை வாங்குதான். நாப்பது குத்துவெளக்கை எறக்க வச்சிட்டான். இது கோணலுங்கான், அது ஆடுதுங்கான். ஒண்ணும் வாங்கவும் மாட்டேங்கான். மொதலாளியப் பாத்தே ஆகணுமாம்."

"போனை ஸ்பீக்கர்ல போடுலே!" லிங்கராஜ் போட்ட சத்தம் போன் இல்லாமலே தூத்துக்குடிக்குக் கேட்டிருக்கும். "ஒரு வெளக்கு வாங்க வக்கில்லாத பயலுக்கு மொதலாளி கேக்குதோ? செல்லப்பாண்டி, கழுத்தைப் புடிச்சு வெளிய தள்ளுலே அவனை!"

 அந்தப் பக்கத்திலிருந்து ஓர் இளைஞனின் குரல், மிகவும் பணிவாக வந்தது.

"சொன்னதுக்கு நன்றி சார்."

"சூடு சொரணை இல்லாத பய." லிங்கராஜ் போனை வைத்தார். "வேலைவெட்டி இல்லாம, குறை சொல்லுததுக்குன்னே கெளம்பி வாரானுவ பாரு!"

செல்வராணி புது மெத்தையைப் பார்த்தாள். 

சாயங்காலம் ரயிலுக்கு நேரமாகிவிட்டது. மகளிடமிருந்து நான்காவது மெசேஜ் வந்திருந்தது: 'அப்பா, பாத்தீங்களா? எப்படி இருக்கார்?' அதற்கு என்ன பதில் போடுவது என்று தெரியாமல், பெட்டியும் கையுமாக லிங்கராஜ் ரிசப்ஷனில் வந்து நின்றார்.

"ஒரு நாள் பூரா கரடியாக் கத்துதேன். இந்த ஓட்டலுக்கு மேனேஜர்னு ஒருத்தர் இருக்காரா, இல்லையா?"

கவுண்டரில் இருந்த பெண் எழுந்து நின்றாள். "மன்னிக்கணும் சார், அவர் லீவு. அவருக்குப் பொண்ணு பார்த்திருக்காங்க. அந்த வீட்டு மனுஷங்க எப்படின்னு சொல்லாமக் கொள்ளாமப் பார்த்துட்டு வர்றேன்னு தூத்துக்குடிக்குப் போயிருக்கார்."

லிங்கராஜ் பெட்டியைக் கீழே வைத்தார்.  செல்வராணிதான் கேட்டாள்.

"எப்பம்மா வருவாரு?"

"நாளைக்குக் காலையிலயே வந்துடுவார் மேடம். போன இடத்துல கழுத்தைப் பிடிச்சு வெளியே தள்ளிட்டாங்களாம்."