வெட்சி வளர்த்த கை

பூத் தரமாட்டேன் என்று மயிலம்மாள் சொல்லிவிட்டாள்.

விடிந்தால் மாரியம்மனுக்குப் பூச்சாட்டு. பூச்சாட்டினால்தான் பண்டிகை தொடங்கும். பண்டிகை நடந்தால்தான் மழை வரும் என்று ஊரே நம்பிக்கொண்டிருந்தது.

பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் அடுப்புக்கரியில் ஓடிய வருஷம் அது. ராசிபுரம் பக்கம் மழை அடியோடு பொய்த்திருந்தது. மல்லிகை காய்ந்தது. அரளிகூட மொட்டிலேயே கருகியது. பூத்திருந்தது மயிலம்மாளின் தோப்பு ஒன்றுதான். போதமலை அடிவாரத்திலிருந்து குச்சி ஒடித்து வந்து, புங்க மரத்து நிழலில் அவள் நட்ட வெட்சிச் செடிகள், சருகுக்கு நடுவே கொத்துக் கொத்தாகச் சிவந்து நின்றன.

கரி சுட மரம் கேட்டு வந்த குத்தகைக்காரனை விரட்டியபோது ஊர் அவளைத் திமிர் பிடித்தவள் என்றது. உதிர்ந்த சருகைக் கூட்டாமல் செடியடியில் அணைத்தபோது சோம்பேறி என்றது. புருஷன் போனவளுக்குப் பூச்செடி எதற்கு என்று கேட்டது. இப்போது புதிதாக ஒன்று: அவள் கிணறு வறண்டு கிடக்க, செடிக்கு மட்டும் ஈரம் எங்கிருந்து வந்தது?

தோப்பை ஒட்டி ஊர் மணியக்காரர் மருதாசலத்தின் புழக்கடை. அந்தக் கிணற்றில் மட்டும் கொஞ்சம் ஊற்று இருந்தது.

திருடுகிறாள் என்றார்கள். மணியக்காரர் மனைவி கண்ணாத்தாளும் அப்படித்தான் நினைத்தாள். அந்தியில் நிறைத்து வைத்த கிணற்றடித் தொட்டி காலையில் பாதியாகக் கிடந்தது.

ஆனாலும் பூக் கேட்கக் கண்ணாத்தாளைத்தான் அனுப்பினார்கள்.

"சுமங்கலிக நாலு பேரு வந்து பறிச்சுக்கறோம் மயிலு. நீ தொட வேண்டாம். வேலிப் படலைத் திறந்து உட்டாப் போதும்."

"செடி வேணும், கை வேண்டாமுங்களாக்கா?"

"முறைன்னு ஒண்ணு இருக்குதில்ல."

"செடிக்கு அந்த முறை தெரியலீங்களே. தாலியறுத்தவ கையில தண்ணி குடிச்சுத்தான் பூத்திருக்குது."

பிறகு குரலைத் தாழ்த்தி, "வசந்தாமணி எப்படி இருக்கறா?" என்றாள்.

கண்ணாத்தாள் திரும்பி நடந்தாள். வசந்தாமணி அவள் மகள். பதினாறு வயது. கல்யாணமான வருஷமே புருஷனைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு வந்தவள். வெள்ளைச் சேலையோடு புழக்கடை அறைக்குள் போன பெண்ணை அதன்பிறகு தெரு பார்த்ததில்லை.

அன்று சாயங்காலம் கோயில் வாசலில் ஊர் கூடியது. வேலியைப் பிரித்துப் பறித்து வரலாம் என்றார்கள் இளவட்டங்கள். பிடுங்கிய பூ அம்மனுக்கு ஆகாது என்று பூசாரி மறித்தார்.

கூட்டத்துக்கு அழைத்து வரப்பட்ட மயிலம்மாள் தலை குனியவில்லை.

"அந்தச் செடிக்குத் தண்ணி ஊத்தி வளத்துன கை எதுவோ, அந்தக் கைதான் பூக்கூடையைக் கோயிலுக்குக் கொண்டாரோணும். ஊர் முன்னால வாக்குக் குடுங்க. தோப்புல ஒரு கொத்து மிச்சமில்லாம வந்து சேரும்."

கூட்டம் கொதித்தது. விதவை கொண்டுவரும் பூவா என்று வைதார்கள், பிறகு கெஞ்சினார்கள். அவள் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. மணியக்காரர் வானத்தை அண்ணாந்து பார்த்தார். பொட்டு மேகமில்லை.

"சரி. வளத்துன கையே கொண்டாரட்டும். அம்மன் மேல ஆணை" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

ஒரு கைம்பெண்ணின் திமிருக்கு ஊரே பணிந்துவிட்டதே என்று கண்ணாத்தாள் பொருமினாள். கூடவே, தன் வீட்டுப் புழக்கடைக் கதவு ஏனோ நினைவுக்கு வந்தது. அந்த நினைப்பை விழுங்கிக்கொண்டாள்.

காலையில் மேளம் தோப்பு வாசலுக்குப் போயிற்று. படல் திறந்தது. மயிலம்மாள் வெறுங்கையோடு வந்து ஓரமாக நின்றாள்.

"கூடை எங்கே?" என்றார் மணியக்காரர்.

"நட்டது மட்டுந்தான் நானுங்க. ராத்திரியில உங்க தொட்டித் தண்ணிய மொண்டு ஊத்துன கை வேறீங்க. என் கிணறு வத்தித்தான் வெகுநாளாச்சே." அவள் புங்க மரத்து நிழலைப் பார்த்துத் திரும்பினாள். "வா சாமி. உங்கப்பாரு வாக்குக் குடுத்திருக்கறாரு."

செடிகளுக்குள்ளிருந்து ஒரு வெள்ளைச் சேலை எழுந்தது. கைகொள்ளாத வெட்சிக் கூடையோடு, வெயிலுக்குக் கண் கூச, வசந்தாமணி வெளியே வந்தாள்.

மேளம் சட்டென்று நின்றது.

கண்ணாத்தாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் மகள் பக்கத்தில் நின்றாள். மேளக்காரரைப் பார்த்தாள்.

"ஏன் நிறுத்திப்போட்டீங்க? அடிங்க."