கூட்டமில்லாத புதன்கிழமை

"நான் முன்னால போறேன். நீ கொஞ்ச நேரம் கழிச்சு வா. வழியில யாரு கேட்டாலும் என்னைப் பாக்கவே இல்லைன்னு சொல்லிடு."

பால்வாளியை இறக்கி வைத்துவிட்டு, ரப்பர் மரத்தோடு மரமாக ஒட்டிக்கொண்டு சன்னாசி குசுகுசுத்தான். பக்கத்து நிரையில் பால் வெட்டிக்கொண்டிருந்த செல்லாயி கத்தியை நிறுத்திவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"தைப்பிங் ஏரிக்குத்தானே மாமா? அங்க ஒரே சனமா இருக்குமே."

"ஞாயித்துக்கெழம போனாத்தான் சனம். ஏரித்தண்ணி தெரியாது, தலைதான் தெரியும். புதன்கெழம நமக்கு வெட்டு இல்ல. காலை ரயிலப் புடிச்சா மலையடியில ஈ காக்கா இருக்காது."

ரப்பர் விலை விழுந்து, தோட்டத்தில் வாரத்துக்கு இரண்டு நாள் வேலையை நிறுத்தியிருந்த காலம் அது. ஊரே தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்க, இந்த மனுசனுக்கு ஏரி கேட்கிறது!

"ஏரியில கூட்டம் இருந்தா இருந்துட்டுப் போகுது. நம்ம கூட்டத்துக்குத் தெரிஞ்சாத்தான் சூசாலா, பெரிய தொல்ல. பெருசுக்கு இப்பவே மூக்குல வேர்த்துருச்சு. நேத்து பச்சைச் சேலையத் தொவச்சுக் காயப்போட்டதுக்கு, எங்க போறன்னு கேட்டுச்சு."

"நீ என்ன சொன்ன?"

"கோயிலுக்குன்னேன். நம்பல."

"பெருசச் சமாளிச்சுட்டாப் போதும். மத்ததெல்லாம் அது கிழிச்ச கோட்டத் தாண்டாது."

செல்லாயிக்குக் கண் கலங்கியது. "எனக்கு ஏரிகூட வேணாம் மாமா. ஒரு நா, ஒரே ஒரு நா, ஒங்ககூடத் தனியா உக்காந்து நாலு வார்த்த பேசணும்."

அதைக் கேட்ட பிறகு சன்னாசி துணிந்துவிட்டான்.

புதன்கிழமை விடியலில் அவன் குறுக்குப்பாதையில் நடந்தான். விறகு பொறுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு, சேலையைச் சாக்குக்குள் சுருட்டிக்கொண்டு அவள் ஆற்றோரமாக வந்தாள். சுங்கை சிப்புட் ஸ்டேஷனில் சந்தித்தபோது இருவருக்கும் மூச்சு வாங்கியது. சிரிப்பும் வந்தது.

ஸ்டேஷனில் ஆள் அரவமே இல்லை. "பாத்தியா? சொன்னேன்ல!" என்று மீசையை முறுக்கிக்கொண்டு, சன்னாசி டிக்கெட் சன்னலில் தலையை நீட்டினான்.

"தைப்பிங்குக்கு ரெண்டே ரெண்டு டிக்கெட்டு!"

"ஐயோ மாமா, பெருசு!" என்று செல்லாயி அவன் கையைப் பிடித்தாள். முதுகுக்குப் பின்னால் குரல் கணீரென்று கேட்டது.

"ரெண்டு பத்தாது அப்பா, ஒங்க புள்ளைங்க ஏழு பேரும் வந்துட்டோம்லா!"